கடலுக்கு இப்பால் இருந்து ஜப்பானிய பேஸ்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானில் இருந்து அமெரிக்கா போன பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓதானியின் பெயரைக் கேள்விப்பட்டு, “இவர் எங்கிருந்து வந்தார்?” என்று தேடத் தொடங்கி, ஜப்பானிய லீகின் வாசலில் வந்து திகைத்து நிற்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் அப்படி நின்றவன்தான். நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். இது புரியுமா?

புரியும். ஆனால் கிரிக்கெட் கண்ணோடு பார்த்தால் முதல் வாரம் எரிச்சல் வரும். கிரிக்கெட்டில் ஓட்டம் மலிவு, விக்கெட் அரிது. இங்கே நேர் எதிர். ஆட்டமிழப்பது வாடிக்கை, ஓட்டம்தான் அரிது. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை அடித்துவிட்டால் அவர் நட்சத்திரம். ஒன்று - பூஜ்யம் என்று முடியும் ஆட்டம் மந்தமான ஆட்டம் அல்ல. பெரும்பாலும் அதுதான் அன்றைய சிறந்த ஆட்டமாக இருக்கும்.

முதலில் ஒரே ஒரு கணக்கைக் கவனியுங்கள். நான்கு ‘பால்’ (அடிக்கும் எல்லைக்கு வெளியே வந்து, மட்டையாளர் வீசாமல் விட்ட பந்து) ஆனால் மட்டையாளருக்கு முதல் தளம் இலவசம் (ஓட்டம் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு தளங்களில் முதலாவது). மூன்று ‘ஸ்டிரைக்’ (எல்லைக்குள் வந்ததை விட்டது, அல்லது மட்டையை வீசித் தவறவிட்டது) ஆனால் அவர் வெளியே. ஒவ்வொரு பந்துக்கும் இந்தக் கணக்கு யார் பக்கம் சாய்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், மற்ற விதிகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

எத்தனை அணிகள்? பெயரெல்லாம் ஏன் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது?

பன்னிரண்டு அணிகள், இரண்டு லீகுகள். சென்ட்ரல் லீகில் யோமியூரி ஜயன்ட்ஸ், ஹான்ஷின் டைகர்ஸ், சூனிச்சி டிராகன்ஸ், ஹிரோஷிமா டோயோ கார்ப், யாகுல்ட் ஸ்வாலோஸ், டி.என்.ஏ. பேஸ்டார்ஸ். பசிபிக் லீகில் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ், நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ், லோட்டே மரைன்ஸ், செய்பு லயன்ஸ், ரகுடென் ஈகிள்ஸ், ஒரிக்ஸ் பஃபலோஸ்.

அவை உண்மையிலேயே கம்பெனிப் பெயர்கள்தான். யோமியூரி ஒரு நாளிதழ், ஹான்ஷின் ஒரு ரயில் நிறுவனம், யாகுல்ட் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் அந்தக் குட்டிப் புட்டிப் பானம். நிப்பான்-ஹாம் ஓர் இறைச்சி நிறுவனம். ஆகவே அந்த அணியைப் பன்றித் தொடை இறைச்சியோடு சண்டை போடும் ‘ஹாம் ஃபைட்டர்ஸ்’ என்று பிரித்துப் படிக்காதீர்கள். பெயர் நிப்பான்-ஹாம், வீரர்கள் ஃபைட்டர்ஸ்.

அணி முதலாளியின் விளம்பரப் பலகைதான் என்ற இந்த எண்ணம் 2004இல் கிட்டத்தட்ட லீகையே சிதைத்தது. ஒரிக்ஸ் அணியையும் கின்டெட்சு அணியையும் இணைத்து, மொத்த அணிகளைக் குறைத்து, ஒரே லீகாகச் சுருக்கிவிடலாம் என்ற பேச்சு உரிமையாளர்கள் மத்தியில் எழுந்தது. வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த யாகுல்ட் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) அட்சுயா ஃபுருதா அதை எதிர்த்து நின்றார். அந்த ஆண்டு செப்டம்பர் 18, 19 தேதிகளில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றில் அதுவே முதல் முறை. ரசிகர்கள் கோபப்படுவார்கள் என்று முதலாளிகள் எதிர்பார்த்திருக்கலாம். கோபம் வந்தது, ஆனால் முதலாளிகள் மீது. இணைப்பு நடந்தேறியது. ஆனாலும் 2005இல் செண்டாய் நகரில் ரகுடென் என்ற புதிய அணி பிறந்து, பன்னிரண்டு என்ற எண்ணிக்கை தப்பியது. லீகின் வரலாற்றில் ஒரே ஓர் ஆண்டைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதென்றால் 2004ஐப் படியுங்கள்.

நான் எந்த அணியைப் பிடித்துக்கொள்வது?

பன்னிரண்டையும் தொடர முயன்றால் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். ஓர் அணி போதும். அந்த அணியோடு ஆறு மாதம் குடித்தனம் நடத்திப் பாருங்கள். எட்டாவது மட்டையாளரின் தோள்வலி கூட உங்கள் வீட்டுச் செய்தியாகிவிடும். இந்த விளையாட்டின் சுவை அங்கேதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், நான் ஹிரோஷிமா பக்கம். அணுகுண்டு விழுந்து ஐந்து ஆண்டுகூட முடியாத நகரத்தில், பெருமுதலாளி யாரும் பின்னால் இல்லாமல் தொடங்கிய அணி அது. 1951இல் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் மூடிவிடலாம் என்ற நிலை வந்தபோது, மைதான வாசலில் சாக்கே மதுப் பீப்பாய்களை வைத்தார்கள். ஊர் மக்கள் கையில் இருந்ததை அதில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். அப்படிப் பிழைத்த அணி முதல் லீக் பட்டத்தை வெல்ல 1975 வரை காத்திருந்தது. இரு லீகுகளின் அணிகள் மோதும் இறுதித் தொடரான ஜப்பான் தொடரை அது கடைசியாக வென்றது 1984இல். ஆகவே இந்தப் பக்கம் வருபவர்கள் பொறுமையோடு வாருங்கள்.

ஆரவாரம் வேண்டுமானால் ஹான்ஷின் டைகர்ஸ். ஒசாகா மக்களுக்கு அது அணி அல்ல, குலதெய்வம். 1985இல் லீக் பட்டம் வென்ற இரவில், ஒவ்வொரு வீரரின் சாயலிலும் ஒரு ரசிகரைப் பிடித்து டோடோன்போரி கால்வாயில் குதிக்க வைத்தார்கள். தாடி வைத்த அமெரிக்க நட்சத்திரம் ரேண்டி பாஸின் சாயலில் யாரும் அகப்படவில்லை. பக்கத்தில் இருந்த கே.எஃப்.சி. கடை வாசலின் கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கிக் கால்வாயில் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு ஜப்பான் தொடரையும் வென்றார்கள். அதன்பின் ஆண்டுக்கணக்கில் வறட்சி. கர்னலின் சாபம் என்று ஊரே பேசியது. 2009இல் சிலையைச் சேற்றிலிருந்து மீட்டார்கள். அப்போதும் சாபம் உடனே தீரவில்லை. அடுத்த ஜப்பான் தொடர் வெற்றி 2023இல்தான், 38 ஆண்டுகள் கழித்து.

வெற்றி மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு ஃபுகுவோகா சாஃப்ட்பேங்க். பணமும் இருக்கிறது, அதைச் செலவழிக்கும் அறிவும் இருக்கிறது. இதற்கு மேல் அவர்களுக்கு நான் விளம்பரம் செய்யத் தேவையில்லை.

ஆட்டம் எத்தனை மணிக்கு?

அமெரிக்க லீகைப் பார்க்க விடியற்காலை நாலரைக்கு அலாரம் வைத்தவர்களுக்கு இது பெரிய வரம். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை 6 மணிக்குத் தொடங்கும் இரவு ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் பிற்பகல் 2:30. வார இறுதிப் பகல் ஆட்டங்கள் காலை 9:30 அல்லது 10:30க்கு வந்துவிடும். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், அலுவலகம் முடியும் நேரத்துக்கு முதல் பந்து. கோடைகால லண்டனில் காலை 10 மணி. டொராண்டோவில்தான் பாவம், விடியற்காலை 5 மணி.

சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை ஓடுகிறது, அணிக்கு 143 ஆட்டங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரே எதிரணியுடன் மூன்று, வெள்ளி முதல் ஞாயிறு வரை இன்னோர் அணியுடன் மூன்று என்பது பொதுவான தாளம். திங்கள் பெரும்பாலும் ஓய்வு. இதனால்தான் ஜப்பானில் தொடக்கப் பந்து வீச்சாளர் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வீசுகிறார். உங்களுக்குப் பிடித்தவர் வெள்ளிக்கிழமைக்காரர் என்று தெரிந்துவிட்டால், வெள்ளிதோறும் பிற்பகலை அவருக்கு ஒதுக்கி வைத்துவிடலாம்.

எங்கே பார்ப்பது?

தலைவலி இங்கேதான். லீகுக்கென்று ஒரே ஒளிபரப்பு உரிமை கிடையாது. எந்த அணியின் மைதானத்தில் ஆட்டம் நடக்கிறதோ அந்த அணியிடமே உரிமை இருக்கும். ஆக, உங்கள் அணியின் 143 ஆட்டங்களையும் பார்க்க வேண்டுமானால் பல கதவுகளைத் தட்ட வேண்டும். அவற்றில் சில வெளிநாட்டவருக்குத் திறக்காது. பசிபிக் லீகின் ஆறு அணிகள் மட்டும் 2007இல் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கி இணைய ஒளிபரப்பை ஒன்றாக நடத்துகின்றன. அவர்களுடைய யூடியூப் சேனலில் ஆட்டச் சுருக்கங்கள் தாராளமாகக் கிடைக்கும். புதியவர்களைப் பசிபிக் லீகில் தொடங்கச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். ஹிரோஷிமாக்காரனாக இதைச் சொல்ல எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

ஒரு யோசனை: சந்தா கட்டும் முன், உங்கள் நாட்டிலிருந்து பார்க்க அனுமதி உண்டா, உங்கள் வங்கி அட்டையை ஏற்பார்களா என்ற இரண்டையும் பாருங்கள். நான் பார்க்காமல் ஒரு முறை பணம் கட்டினேன். மூன்று மாதம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் கிடைக்காத நாட்களில் எழுத்து நேரலை இருக்கிறது. யாகூ ஜப்பானின் ஸ்போர்ட்ஸ் நாவி பக்கத்தில் ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, என்ன வேகம் என்பது உடனுக்குடன் வரும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இருப்பவர்களுக்கு மட்டும் 2022 ஏப்ரல் முதல் அந்தத் தளம் திறக்காது. லீகின் சொந்த இணையதளத்தில் ஆங்கிலப் பக்கங்கள் உண்டு. அட்டவணை, பட்டியல், வீரர் விவரம் எல்லாம் அங்கே பார்க்கலாம். அலங்காரம் கிடையாது, ஆனால் தகவல் சரியாக இருக்கும்.

ஜப்பானிய மொழி தெரியாமல் முடியுமா?

முடியும். எண்கள் எண்களாகவே இருக்கின்றன. வீரரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண் அவர் நிற்கும் இடம்: 1 பந்து வீச்சாளர், 2 கேட்சர், 6 ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர்) என்று வரிசையாக. இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. ஓதானி என்ற பெயரின் எழுத்துகளுக்குப் பொருள் பெரிய பள்ளத்தாக்கு. ‘பள்ளத்தாக்கு இரண்டாம் தளத்தைத் திருடியது’ என்று வந்தால் பதற வேண்டாம் (திருடுவது என்றால், பந்து வீசும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது).

சில சொற்களைக் கற்றுக்கொண்டால் போதும். பேஸ்பாலுக்குப் பெயர் ‘யாக்யூ’. இரு அணிகளும் ஒரு முறை மட்டை பிடிக்கும் சுற்றுதான் இங்கே இன்னிங்ஸ். அதன் முதல் பாதி ‘ஒமோத்தே’, அதாவது முன்பக்கம். இரண்டாம் பாதி ‘உரா’, பின்பக்கம். ‘சன்ஷின்’ என்றால் ஸ்டிரைக் அவுட். ‘ஹிகிவாகே’ என்றால் சமன். கடைசி அடியிலேயே ஆட்டத்தை முடித்துவைக்கும் ஹோம் ரன்னுக்கு (வேலியைத் தாண்டிப் போகும் அடி) ‘சயோனரா’ ஹோம் ரன். தோற்றவர்களுக்கு விடை கொடுத்து அனுப்புகிறார்கள்! நான்கு பாலில் கிடைக்கும் நடைக்கும், பந்து உடம்பில் பட்டுக் கிடைக்கும் தளத்துக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. இரண்டும் ‘ஷிக்யூ’தான். நான்குக்கும் சாவுக்கும் அந்த மொழியில் ஒரே ஒலி இருப்பதால் வந்த வினை. வர்ணனையாளர்கள் குழப்பம் வேண்டாம் என்று ‘ஃபோர் பால்’, ‘டெட் பால்’ என்றே சொல்லிவிடுகிறார்கள்.

சமன் என்று ஒன்று உண்டா?

உண்டு. பன்னிரண்டு இன்னிங்ஸ் முடிந்தும் யாரும் வெல்லாவிட்டால் கைகுலுக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். கடைசி ரயிலைப் பிடிக்க ரசிகர்களுக்கு அது வசதி. பட்டியலில் வெற்றி விகிதம் கணக்கிடும்போது சமனை விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் இடத்தில் வந்த அணி எப்படி நாட்டின் சாம்பியன் ஆனது?

2024ஐப் பற்றிக் கேட்கிறீர்கள். யோகோஹாமா டி.என்.ஏ. அணி 71 வெற்றி, 69 தோல்வி, 3 சமன் என்ற சுமாரான கணக்கோடு சென்ட்ரல் லீகில் மூன்றாம் இடம். ஆனால் லீக் முடிந்ததும் ‘கிளைமாக்ஸ் சீரிஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லீகிலும் முதல் மூன்று அணிகள் ஆடும். இரண்டாமவரும் மூன்றாமவரும் மோதி, வென்றவர் முதலாமவரைச் சந்திப்பார். அந்த ஆண்டு முதலாமவருக்கு ஒரு வெற்றி முன்கூட்டியே வரவில் வைக்கப்பட்டது, எல்லா ஆட்டமும் அவர் மைதானத்திலேயே நடந்தது. இவ்வளவு சலுகை இருந்தும் ஜயன்ட்ஸ் தோற்றது. ஜப்பான் தொடரில் சாஃப்ட்பேங்க் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. பிறகு யோகோஹாமா வரிசையாக நான்கை வென்று, 26 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைத் தூக்கியது.

இப்படிக் கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கவிழ்ப்பதற்கு ‘கெகோகுஜோ’ என்று பெயர், உள்நாட்டுப் போர்க்காலத்துச் சொல். 2010இல் லோட்டே அணியும் இதையே செய்தது. நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். ஆறு மாத உழைப்பை ஒரு வாரத்தில் அழிக்கும் ஏற்பாடு இது. ஆகவேதான் ஜப்பானிய ரசிகர்கள் லீக் பட்டத்தைத் தனியாக மதிக்கிறார்கள். நீங்களும் அப்படியே மதியுங்கள்.

நல்ல வீரர்கள் எல்லாரும் அமெரிக்கா போய்விடுகிறார்களே, மிச்சத்தை ஏன் பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் கோபப்படாமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

போகிறார்கள், உண்மை. 1995இல் ஹிதேயோ நோமோ டாட்ஜர்ஸுக்குப் போனதிலிருந்து அந்தப் பாதை அகலமாகிக்கொண்டே வருகிறது. ஒன்பது ஆண்டுகள் ஆடிவிட்டால் வீரருக்கு வெளிநாடு போகும் சுதந்திரம். அதற்கு முன் போக வேண்டுமானால் அணி சம்மதித்து அவரை ‘போஸ்டிங்’ முறையில் விட வேண்டும். அப்போது அமெரிக்க அணி ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கைப் பழைய அணிக்குக் கட்டும். 25 வயதுக்கு முன் போனால் சிறிய ஒப்பந்தம்தான் கிடைக்கும். ஓதானி 2017 முடிவில் அப்படிப் போனவர்தான்.

ஆனால் போவதற்கு முன் அவர்கள் எங்கே இருந்தார்கள்? 2022 ஏப்ரல் 10 அன்று சீபா மைதானத்தில், லோட்டே அணியின் ரோக்கி சசாக்கி ஒரிக்ஸ் மட்டையாளர்கள் 27 பேரையும் ஒருவர்கூட முதல் தளத்தை எட்டாமல் திருப்பி அனுப்பினார். 19 பேர் ஸ்டிரைக் அவுட், அதில் தொடர்ச்சியாக 13 பேர். அவருக்கு வயது 20, எதிரே உட்கார்ந்து பிடித்த கேட்சர் மட்சுகாவாவுக்கு 18. அதே ஆண்டு முனேதாகா முராகாமி சீசனின் கடைசி முறை மட்டை பிடித்தபோது 56ஆவது ஹோம் ரன்னை அடித்து, சதஹாரு ஓ 1964இல் வைத்த 55ஐத் தாண்டினார். இவற்றை நேரலையில் பார்த்த வெளிநாட்டு ரசிகர்கள் கொஞ்சம் பேர். பிற்பாடு அமெரிக்காவில் அவர்களைக் ‘கண்டுபிடித்தவர்கள்’ கோடிப் பேர்.

அந்த 55க்கு ஒரு கசப்பான கிளைக்கதை உண்டு. 1985இல் ரேண்டி பாஸ் 54இல் நின்றபோதும், 2001இல் டஃபி ரோட்ஸும் 2002இல் அலெக்ஸ் கப்ரேராவும் 55இல் நின்றபோதும், ஓ பயிற்சியாளராக இருந்த அணிகள் கடைசி ஆட்டங்களில் அவர்களுக்கு அடிக்கும்படி பந்தே போடவில்லை. ஓ உத்தரவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் உத்தரவிடத் தேவையில்லாத சூழல் அது. 2013இல் குராசோ தீவைச் சேர்ந்த விளாடிமிர் பலென்டியென் 60 அடித்து அந்தக் கதையை முடித்துவைத்தார். ஓ தன் வாழ்நாளில் அடித்த 868ஐ மட்டும் இன்னும் யாரும் நெருங்கவில்லை.

உலகப் போட்டிகள் எத்தனை? எதை நம்புவது?

மூன்று. உலக பேஸ்பால் கிளாசிக்கில் அமெரிக்க லீக் நட்சத்திரங்கள் வருவார்கள். பிரீமியர்12இல் அவர்கள் வரமாட்டார்கள். ஒலிம்பிக்கில் பேஸ்பால் வரும், போகும்: டோக்கியோவில் ஜப்பான் தங்கம் வென்றது, பாரிஸில் விளையாட்டே இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி உண்டு. கிரிக்கெட்டும் அங்கே வருகிறது என்பதால் அந்த மாதம் உறக்கம் இல்லை.

கிளாசிக்கை ஜப்பான் 2006, 2009, 2023 ஆண்டுகளில் வென்றது. 2023 இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தில் ஓதானி, அமெரிக்க லீகில் அப்போது தன் அணித் தோழராக இருந்த மைக் டிரவுட்டை வீழ்த்தியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது டோக்கியோவில் நடந்த செக் குடியரசு ஆட்டம். செக் வீரர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். பந்து வீசிய ஒன்ட்ரே சடோரியா ஓர் எலக்ட்ரீஷியன். அவர் மிக மெதுவான பந்தில் ஓதானியை ஸ்டிரைக் அவுட் ஆக்கினார். அதே ஆட்டத்தில் சசாக்கியின் அதிவேகப் பந்து வில்லி எஸ்காலாவின் முழங்காலில் பட்டது. பிறகு சசாக்கி இரண்டு பை நிறைய இனிப்புகளோடு போய் மன்னிப்புக் கேட்டார்.

பிரீமியர்12ஐ இளக்காரமாக நினைப்பவர்கள் 2024 இறுதியாட்டத்தைத் தேடிப் பாருங்கள். டோக்கியோ டோமில், சர்வதேச ஆட்டங்களில் 27 தொடர் வெற்றியோடு வந்த ஜப்பானைத் தைவான் 4 - 0 என்று அடித்தது. மகளிர் உலகக் கோப்பையையும் விடாதீர்கள். 2008 முதல் 2024 வரை ஜப்பான் தொடர்ச்சியாக ஏழு முறை வென்றிருக்கிறது. அதைப் பற்றி ஜப்பானிலேயே போதுமான பேச்சு இல்லை.

பள்ளி மாணவர்களின் கோஷியெனையும் பார்க்க வேண்டுமா?

ஆகஸ்டில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். கோஷியென் மைதானத்தில் நடக்கும் தேசியப் பள்ளிப் போட்டி அது: 49 பள்ளிகள், தோற்றால் வீடு. தோற்றவர்கள் மண்டியிட்டு மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஓதானி அங்கே இரண்டு முறை ஆடினார், ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. அது ஹான்ஷினின் சொந்த மைதானம். ஆனாலும் அந்த நாட்களில் தொழில்முறை வீரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியூர் ஆட்டங்களுக்குக் கிளம்ப வேண்டும். பிள்ளைகளுக்குத்தான் முதலிடம்.

ஒரு முறை நேரில் போக வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?

திங்களன்று போய் இறங்காதீர்கள். டிக்கெட் வாங்கும் தளங்கள் சில ஜப்பானியத் தொலைபேசி எண் கேட்கும், ஆகவே முன்கூட்டியே பாருங்கள். வெளிக்கள இருக்கைகள் ஆதரவாளர் கூட்டத்துக்கு உரியவை. அங்கே எதிரணிச் சட்டையோடு உட்கார விடமாட்டார்கள். டப்பா பானம் கொண்டுபோனால் வாசலிலேயே காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு மட்டையாளருக்கும் தனிப் பாட்டு உண்டு. டிரம்பெட்டும் முரசும் சேர்ந்து அவர் ஆட்டமிழக்கும் வரை விடாது. டோக்கியோவில் ஒரே மாலைதான் இருக்கிறதென்றால் ஜிங்கு மைதானத்துக்குப் போங்கள். 1926இல் கட்டியது, 1934இல் பேப் ரூத் ஆடிய இடம், இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் இருக்கிறது. யாகுல்ட் ஓட்டம் எடுத்தால் மொத்தக் கூட்டமும் குட்டிக் குடையை விரித்து ஆடும். குடையை வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள், மழைக்கு உதவாது.

நவம்பர் முதல் ஜனவரி வரை என்ன செய்வது?

அக்டோபர் கடைசியில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும். ஒரே பையனை நான்கு அணிகள் கேட்டால் பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். ஐம்பது வயதுப் பயிற்சியாளர் கை நடுங்க உறையைப் பிரிப்பதை அந்த ஒரு நாள் மட்டுமே பார்க்க முடியும். அதன்பின் யார் அமெரிக்கா போகிறார், யார் ஓய்வு பெறுகிறார் என்ற செய்திகள். பிப்ரவரி 1 அன்று ஓகினாவாவிலும் மியாசாகியிலும் பன்னிரண்டு அணிகளும் பயிற்சி முகாமைத் தொடங்கும். ஜப்பானிய ரசிகர்கள் அந்த நாளைத்தான் பேஸ்பாலின் புத்தாண்டு என்கிறார்கள்.